வீட்டில் படிக்கத் தெரிந்தவர்



குழந்தைகளின் படிப்புக்கும் குடும்பத்தின் நலத்துக்கும் பெற்றோர் எங்கெங்கே உதவி பெறலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டார்கள். பெற்றோரிடம் பேச வேண்டியதை மாணவர்களிடம் பேசுவானேன் என்று முதலில் எண்ணினேன். பிறகு என் பள்ளிக்கூட நாட்களை நினைத்துப் பார்த்ததில், உங்களிடம்தான் பேச வேண்டும் என்று தெளிந்தேன். காரணத்தை ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகவே சொல்லிவிடுகிறேன். அந்நிகழ்ச்சியில் பிழை செய்தவன் நானே. ஆகையால் தயக்கமின்றிச் சொல்லலாம்.

2003-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாக இருந்தேன். பீடித் தொழிலை நம்பி வாழும் ஊர் அது. தெருவில் நடந்தால் திண்ணைதோறும் பெண்கள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டுவதும் தூளை வைத்துச் சுற்றுவதுமாக இருப்பார்கள். பள்ளி விட்டு வந்த பெண், புத்தகப் பையை இறக்கி வைத்ததும் தாயின் அருகில் அமர்ந்து நூல் கட்டத் தொடங்குவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆதலால் வீட்டில் ஒரு கை கூடினால் வருமானம் கூடும். ஒரு கை பள்ளிக்குப் போனால் குறையும். இந்தக் கணக்குத்தான் அவ்வூரில் பல பெண்களின் படிப்பைத் தீர்மானித்தது.

அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் தேறிய பெண் ஒருத்தியின் தாய், மாற்றுச் சான்றிதழ் வாங்க என் அறைக்கு வந்தார். கணவரை இழந்தவர். மகள் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறியிருந்தாள். "மேலே எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "பாப்போம் சார்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியாததன்று. ஆயினும் மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன. வெளியே இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், பீடித் தொழிலாளர் மருந்தகத்தின் வழியாகச் சென்றுகொண்டிருந்தேன். வரிசையில் அந்தத் தாய் நின்றார். கையில் அட்டை ஒன்று இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை! எனக்குச் சுரீரென்றது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பீடித் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல நிதி ஏற்பட்டது. அந்நிதியிலிருந்துதான் அந்த மருந்தகம் நடந்தது. அதே நிதியிலிருந்துதான் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் வழங்கப்பட்டது. எங்கள் ஆசிரியர்கள் காலத்தில் உபகாரச் சம்பளம் என்பார்களே, அதுதான். ஆண்டுதோறும் அதற்கான சுற்றறிக்கை என் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இந்த அட்டையைக் காட்டினால் உங்கள் மகளின் படிப்புக்குப் பணம் கிடைக்குமே!" என்றேன்.

"இது மருந்து வாங்குற கார்டுல்லா, சார்?" என்றார் அவர்.

அன்று பள்ளிக்குத் திரும்பியதும் நேரே அறிவிப்புப் பலகையின் முன் போய் நின்றேன். சுற்றறிக்கை அங்கேதான் இருந்தது. என் கையாலேயே முத்திரையிட்டு ஒட்டச் செய்தது. ஆசிரியர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில், மாணவர் நடமாட்டம் குறைந்த தாழ்வாரத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட இயலாத ஒரு தாய் எந்நாளும் வரமுடியாத இடத்தில் அது தொங்கியது. மூன்று ஆண்டுகள் அப்பெண் என் பள்ளியில் படித்தாள். மூன்று ஆண்டுகளும் நான் ஒட்டினேன். மூன்று ஆண்டுகளும் கடமை முடிந்தது என்று இருந்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளைப் பிசகாமல் எழுதிப் பாடக்குறிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அங்கே கற்றேன். குழந்தையின் தாய்க்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்கும் படி அந்த ஐந்தில் இல்லை, எனக்காகவும் தோன்றவில்லை.

உதவித்தொகை அப்படி ஒன்றும் பெரிய தொகையன்று. அதனால் மட்டும் அவள் படித்திருப்பாள் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் "பாப்போம்" என்ற சொல்லுக்கு எதிரே வைக்க அந்த வீட்டில் ஒரு வாதம் கிடைத்திருக்கும்.

நிற்க. அரசு செய்யும் உதவிகளில் இரண்டு வகை உண்டு. நம் பள்ளிகளில் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் தொடங்கிற்று. இவை ஏழைக் குழந்தைகளைத் தவறாமல் சென்றடைந்தன. ஏன் தெரியுமா? சோற்றுக்கு விண்ணப்பம் இல்லை. குழந்தை வந்து அமர்ந்தால் தட்டில் விழுந்துவிடும். மற்றொரு வகை, விண்ணப்பித்துப் பெறுவது. இதற்கு நாள் உண்டு, படிவம் உண்டு, சான்றிதழ் உண்டு. யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே இதைக் கேள்விப்படாமல் இருப்பார்கள். அடுத்த தெருவில் குமாஸ்தா ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கோ முதல் நாளே தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். அரசு பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். ஆனால் அந்த வாய்ப்பு எட்டாம் வகுப்பில்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகு அழுதாலும் வராது. உங்கள் தம்பியோ தங்கையோ எட்டாம் வகுப்பில் இருந்தால், நாளைக் காலையில் அவர்களுடைய தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். தாழ்வாரத்துப் பலகையை நம்பியிருக்க வேண்டாம். என்னைப் போன்றவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

இதைப் போலவே குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை 2010-இல் வந்தது. அரசு பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. தொகைகளும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. ஆகவே அந்தந்த ஆண்டு கேட்டறிவதே முறை.

இவற்றுக்கெல்லாம் இடையூறு எங்கே வருகிறது என்றால், பெயரில்! பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஓரெழுத்துக் குறைந்த பெயர், ஆதாரில் தந்தையின் முன்னெழுத்து பின்னால், வங்கிக் கணக்கில் அதுவும் இல்லை. பழைய நாளில் நாங்களே பிறந்த தேதி தெரியாத குழந்தைக்கு வயதுக் கணக்குப் பார்த்து மே என்றும் ஜூன் என்றும் ஒரு தேதி எழுதிச் சேர்த்துக்கொள்வோம். ஓர் ஊரே ஜூன் மாதத்தில் பிறந்ததாகப் பதிவேடு சொல்லும். அன்று அது உபகாரமாகப் பட்டது. இன்று கணினி அதை ஒப்புக்கொள்வதில்லை. எனவே விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து, வீட்டுப் பெட்டியில் உள்ள காகிதங்களை எல்லாம் விரித்து, பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் மறவாதீர்கள். கடைசி நாளன்று இ-சேவை மையத்துக்கு ஓடினால், கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வட்டாட்சியர் அலுவலகம் வரை அது போய் வருவதற்குள் நாள் கடந்துவிடும். இப்படி நாள் நெருங்கி நிற்பவர்களைத்தான் இடைத்தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

பணம் மட்டுமே உதவி என்று எண்ண வேண்டாம். வயது மூன்றாகியும் பேசாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பாராத குழந்தை, எழுத்து எவ்வளவு சொல்லியும் ஏறாத குழந்தை உங்கள் உறவில் இருக்கலாம். "இவன் தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பாட்டிமார் சொல்லுவார்கள். தாயத்துக் கட்டி இரண்டு ஆண்டு போக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகள்தாம் பயிற்சிக்கு ஏற்ற ஆண்டுகள். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைச் சோதித்து உதவுவதற்கென, 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளைச் சார்ந்து தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்பட்டன. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. மக்கு என்று பிரம்பால் அடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வகையினரோ? என் வகுப்பிலும் இருந்திருப்பார்கள்.

தந்தையை இழந்த குழந்தைகளின் பொருட்டு ஒரு சொல். மாவட்ட ஆட்சியரின் கீழ்க் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் உண்டு. கணவரை இழந்த தாய் தம் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதற்காக மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு என்று, 2022-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வகுத்தன. வருமான வரம்பும் வேறு நிபந்தனைகளும் உண்டு. விண்ணப்பித்த எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாமல், பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதியில் விட்டுவிட்டு அழும் தாய்மார்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். படிப்பைப் பற்றிய ஐயங்களுக்குத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது. அதற்கு முந்திய 14416 மனத்துயருக்கு உரியது. தேர்வு முடிவு வரும் நாட்களில் உங்களுக்கும் அது பயன்படக்கூடும்.

பெற்றோரில் பலர் இங்கெல்லாம் போகக் கூசுகிறார்கள். யாசகம் கேட்பது போல் இருக்கிறது என்பார் ஒரு தந்தை. என் மாணவர் ஒருவரின் தகப்பனார், பள்ளி வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பீடி சுற்றும் தாய் அந்தக் குழுவில் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் அமரலாம். அமர்ந்ததையும் கண்டேன். முதல் கூட்டத்தில் பேசவில்லை. மூன்றாம் கூட்டத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். மருந்தகத்தில் பார்த்த அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தட்டை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். மேல்நிலைப் பள்ளிகளில் சேர்க்கை முடிந்திருந்தது. "அடுத்த வருஷம் பாப்போம் சார்" என்றார் தாய். அடுத்த ஆண்டும் அவள் சேரவில்லை. ஆனால் அன்று நான் புறப்படும்போது, "சார், தம்பி ஏழாம் வகுப்புப் படிக்கான். அவனுக்கு இந்தப் படிவம் உண்டுமா?" என்று கேட்டாள். மறுநாள் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டே நாளில் நிரப்பி வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல், மணிமணியான எழுத்து. தாயின் பெயருக்கு நேரே அட்டையின் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, பக்கத்தில் சிறியதாக ஒரு குறியும் இட்டிருந்தாள்.

மறு ஆண்டு அந்தத் தெருவிலிருந்து ஏழு படிவங்கள் வந்தன. சிலருக்குத் தம் பெயரில் அட்டையே இல்லை. வேறொருவர் பெயரில் உள்ள கணக்குப் புத்தகத்தில் பீடி கொடுத்து வந்தவர்கள். அவர்களுக்கு முதலில் அட்டை வாங்க வழி என்ன என்று கேட்டு ஒரு சீட்டையும் வைத்து அனுப்பியிருந்தாள். நான்காம் ஆண்டு முப்பதுக்கு மேல் வந்தன. என் எழுத்தர், "இதெல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே, சார், ஏற்கலாமா?" என்று கேட்டார். பெற்றோரின் கைநாட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.