விமானம் பிந்தினால் கேட்க வேண்டியவை



நம் தாத்தா பாட்டிமார் ஊருக்குப் போய்வந்தது கப்பலில். 'ரஜுலா' என்ற கப்பல் 1926-ஆம் ஆண்டு தொடங்கி 1970-களின் முற்பகுதி வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகி நின்றுபோயிற்று. கப்பல் பிந்தினால் யாரிடம் போய்க் கேட்பது? துறைமுகத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இன்று கப்பல் இல்லை. நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது. சென்ற ஆண்டு அந்த அம்மாவின் தாயார் தமிழ்நாட்டில் காலமாகிவிட்டார். மகள் வரும்வரை எடுக்கமாட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். புருஷனும் மனைவியும் அவசரமாக டிக்கெட் எடுத்து, இரவோடு இரவாகப் பஸ் ஏறி, விடியற்காலையில் கோலாலம்பூர் விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். எட்டு மணி விமானம் பத்து மணிக்கு என்றார்கள். பிறகு பன்னிரண்டு என்றார்கள். பிறகு மூன்று மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். மதியம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது: இனிமேல் வைத்திருக்க முடியாது, எடுக்கப் போகிறோம் என்று. இனி எதற்காகப் போவது? இருவரும் கவுண்டருக்குப் போய் நின்றார்கள். அங்கிருந்த பையன், "அண்ணே, பணமாத் தர முடியாது, வவுச்சர்தான் தருவோம், இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றான். போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த வவுச்சர் காலாவதியாகிவிட்டது. காலையிலிருந்து அவர்கள் சாப்பிட்டது, சொந்தக் காசில் வாங்கிய இரண்டு நாசி லெமாக் பொட்டலம்.

அந்தப் பையனைக் குறை சொல்வதற்காக இதை நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கவுண்டரில் நிற்கும்போது அவர்கள் கையில் இருந்த உரிமைகள் அவர்களுக்கே தெரியாமல் போனதுதான் எங்களுக்கு வருத்தம். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று, கிராணியார் சொன்ன கணக்கே கணக்கு என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை ஒன்று நடப்பில் இருக்கிறது. மலேசிய நிறுவனமானாலும் வெளிநாட்டு நிறுவனமானாலும், இந்நாட்டுக்கு வந்துபோகும் விமானங்களுக்கு அது பொருந்தும். புறப்பாடு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் பயணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். தொலைபேசியில் பேசவும் இணையத்தைப் பயன்படுத்தவும் வசதி செய்துதர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க வேண்டி வந்துவிட்டால், தங்குவதற்கு இடமும் போய்வர வண்டியும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி முதல் இதில் முக்கியமான ஒன்று சேர்க்கப்பட்டது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தும் விமானத்தில் போக விருப்பமில்லை என்றால், பயணி டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முப்பது நாளுக்குள், நாம் எந்த வழியில் பணம் கட்டினோமோ அதே வழியில், அது திரும்பி வர வேண்டும். விமானமே ரத்தானால் இரண்டில் ஒன்று: பணம், அல்லது வேறு விமானத்தில் இடம். எது வேண்டும் என்று சொல்வது பயணி; நிறுவனம் அன்று.

வவுச்சர் என்பது நாம் விரும்பி ஏற்றுக்கொண்டால் மட்டுமே. அந்த விருப்பத்துக்குச் சாட்சிதான் கையெழுத்து. குளுவாங் குடும்பத்தாரின் விமானம் ஏழு மணி நேரம் பிந்தியது. "எங்களுக்கு வவுச்சர் வேண்டாம், பணம்தான் வேண்டும்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் அவர்களுடையது. கையெழுத்துப் போட்ட பிறகு, அவர்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது.

ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டால் அந்த நிறுவனத்துக்கும் நமக்கும் அந்தப் பயணத்தில் தொடர்பு முடிந்தது. எப்படியும் ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்றால், அன்றைய தினமே வாங்கும் வேறு டிக்கெட் யானை விலை சொல்லும். அப்படிப்பட்டவர்கள் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகள் இணையத்தில் படித்துவிட்டு, "அறுநூறு யூரோ நஷ்டஈடு கிடைக்குமாம்" என்று சொல்லக்கூடும். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். கோலாலம்பூர் - திருச்சி விமானத்துக்கு அது வராது. நம் நாட்டு விதிமுறையில் சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட் பணம் இவைதாம் உண்டு. பிந்தியதற்கென்று தனியாக ரொக்கம் கிடையாது. பஸ் கட்டணமும் போன சம்பளமும் இதில் வரா.

அப்படியானால் அவற்றுக்கு வழியே இல்லையா என்றால், ஒரு வழி உண்டு. மொன்ட்ரியல் ஒப்பந்தம் என்று 1999-இல் பல நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டில் மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அனைத்துலகப் பயணத்தில் தாமதத்தால் நமக்கு ஏற்பட்ட செலவை ரசீதோடு காட்டிக் கேட்க அது இடம் தருகிறது. ஆனால் தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் கொடுக்கத் தேவையில்லை. வழக்குப் போடுவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆகவே நாசி லெமாக் வாங்கிய ரசீதைக்கூடக் கசக்கி எறியாதீர்கள்.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இந்த ஒப்பந்தம் வேறொரு காரணத்தாலும் முக்கியம். நம்மில் பலர் செனாயையும் கோலாலம்பூரையும் விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சாங்கியில் திருச்சி விமானம் ஏறுகிறோம். சாங்கியிலிருந்து நேரே இந்தியாவுக்குப் போகும் பயணத்துக்கு மலேசிய விதிமுறை பொருந்தாது. சிங்கப்பூரில் இதைப் போன்ற தனிச் சட்டமும் இல்லை. அங்கே நமக்குத் துணை, அந்த நிறுவனத்தின் டிக்கெட் நிபந்தனைகளும் மொன்ட்ரியல் ஒப்பந்தமும்தான். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் ஒரு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி டிக்கெட் எடுக்கும் விஷயம். உண்மையில் பாதி வில்லங்கம் இங்கேதான் பிறக்கிறது. தோட்டத்தில் எத்தனை பேர் தாமே டிக்கெட் எடுக்கிறோம்? டவுன் ஏஜெண்டு எடுப்பார். இல்லாவிட்டால் ஜொகூர் பாருவில் வேலை செய்யும் அண்ணன் மகன் தன் கார்டில் எடுத்துவிட்டு, "சித்தப்பா, சம்பளம் வந்ததும் கொடுங்க" என்பான். பணம் கட்டிய வழியிலேயே திரும்பி வரும் என்றோம் அல்லவா? அது அந்தப் பையனின் கார்டுக்குத்தான் போகும், அல்லது ஏஜெண்டின் கணக்குக்குப் போகும். நாமோ நம் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு, பணம் வரவில்லை என்று விமான நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பேசிவையுங்கள். ஏஜெண்டிடம் கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

இதைவிடப் பெரியது கைத்தொலைபேசி எண். ஏஜெண்டு தன் எண்ணையே பதிந்துவிட்டால், நேரம் மாறியது, விமானம் ரத்தானது என்ற செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் கடையடைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். நாம் மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருப்போம். இந்தியாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்நாட்டு விதி ஒன்று உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்துச் செய்தால் சில வேளைகளில் பத்தாயிரம் ரூபாய் வரை நஷ்டஈடு தரச் சொல்கிறது. ஆனால் தொடர்பு எண்ணைச் சரிவரக் கொடுக்காத பயணிக்கு அது கிடையாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே நம் எண்ணோ வீட்டில் படித்த பிள்ளையின் எண்ணோ டிக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏஜெண்டு கடையை விட்டு இறங்குங்கள்.

நிறுவனமே படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். 2023 அக்டோபர் 12-ஆம் தேதி விடியற்காலையில் மைஏர்லைன் நிறுவனம் அன்றே சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. பயணிகள் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பலருக்குச் செய்தியே தெரிந்தது. கையில் காசில்லாத நிறுவனத்திடம் விதிமுறையைக் காட்டிப் பயனில்லை. கார்டில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடம் போய், பெறாத சேவைக்குப் போன பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்க முடிந்தது. ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

பெட்டி வராமல் போனாலும் உடைந்து வந்தாலும், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள சாமான் கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்க வேண்டும். அனைத்துலகப் பயணத்தில், உடைந்ததற்கு ஏழு நாள், தாமதமாக வந்ததற்கு, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து இருபத்தொரு நாள்: இதற்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். நகையைப் பெட்டியில் போடாதீர்கள் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

புகார் எப்படிச் செய்வது? முதலில் விமான நிறுவனத்துக்கு, எழுத்தில். கவுண்டரில் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் அரசாங்கத்தின் ஆணையத்துக்குப் போகலாம். முன்பு மேவ்கோம் என்ற ஆணையம் இதைக் கவனித்து வந்தது. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி அது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.-உடன் இணைக்கப்பட்டது. இப்போது புகார் அங்கேதான். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். மொழி அழகு வேண்டியதில்லை. பதிவு எண், விமான எண், தேதி, எத்தனை மணி நேரம் பிந்தியது, கவுண்டரில் என்ன கேட்டோம், என்ன பதில் சொன்னார்கள், இப்போது நமக்கு என்ன வேண்டும், இவ்வளவுதான். நேரம் காட்டும் பலகையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்து அதோடு சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

குளுவாங் அம்மா, தாயாரின் முதலாண்டுத் திதிக்கு ஊருக்குப் போகப் போகிறார். மூத்த மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். "இந்தத் தடவை டிக்கெட்டில் என் போன் நம்பரைப் போடுங்கம்மா" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.