முகத்தில் இல்லாத சினம்

ஆசிரியர் வகுப்பிற்குள் வருகிறார். வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். தலையை நிமிர்த்தி ஒருமுறை எல்லாரையும் பார்க்கிறார். அவர் முகத்தில் சினமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. வீட்டு வாடகையைப் பற்றி அவர் எண்ணிக் கொண்டிருக்கலாம். மாணவரில் பெரும்பாலோர் அந்தப் பார்வையைப் பொருட்படுத்துவதில்லை. ஒருவனுக்கு மட்டும், 'இவர் என்னை வெறுக்கிறார்' என்று உள்ளம் பதறுகிறது. அன்று முழுவதும் அவன் வாய் திறப்பதில்லை. அல்லது நண்பன் கூறிய சிறு சொல்லுக்குச் சீறி எழுகிறான். நாம் அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லிவிடுகிறோம்.

மாணவ நண்பர்களே, இல்லாத சினம் அவன் கண்ணுக்கு எவ்வாறு புலனாயிற்று? அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இவ்வாறு என்றோ ஒருநாள் தோன்றுவது நம் எல்லார்க்கும் உண்டு; அது நோய் அன்று. ஆனால் இருதுருவ மனநோய் என்று மருத்துவர் கூறும் நோய்க்கு ஆளான இளைஞரிடம் இது அடிக்கடி நேர்வதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

அந்நோய் உற்றவர் சில நாட்களோ வாரங்களோ அளவு கடந்த ஊக்கத்தில் மிதப்பர். இரவில் மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பு அறியார். பேச்சு வெள்ளம் போல ஓடும்; எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும்; தம்மால் ஆகாதது ஒன்றும் இல்லை என்று கருதுவர். பின்னர் ஒரு காலம் வரும். அப்போது படுக்கையினின்று எழுவதும் பெரும் பாரமாகும். வாழ்வே வேண்டா என்ற எண்ணமும் தலைகாட்டும். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதைப் பிரான்சு நாட்டு மருத்துவர் 1850களிலேயே எழுதி வைத்தனர். ஜெர்மானியராகிய கார்ல் லியோன்ஹார்டு 1957இல், இரு துருவங்களுக்கு இடையே அலைவோரையும் சோர்வு ஒன்றையே அடைவோரையும் வேறு பிரித்துக் காட்டினார். பலரிடத்தில் இந்நோய் பதினைந்து வயதிற்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையே தொடங்குகிறது. அஃதாவது, உங்கள் வயதில்.

அவ்வயதில் மூளை எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறு பகுதிகள் உள்ளன. அவற்றிற்கு அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்கு வாதுமை என்பது பொருள். வடிவமும் ஏறக்குறைய அதுவே. புதரில் ஏதோ அசைந்தால், அது பாம்பா காற்றா என்று ஆராய்வதற்கு முன்பே நம் நெஞ்சைத் துடிக்கச் செய்வதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. 'அது காற்றுதான், நில்' என்று அமைதிப்படுத்தும் வேலை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியைச் சேர்ந்தது. இந்த நெற்றிப்புற மூளை மற்றப் பகுதிகளைவிடக் காலந்தாழ்த்தியே முதிர்கிறது. இருபது வயதைக் கடந்த பின்னும் அதன் வளர்ச்சி முற்றுப் பெறுவதில்லை. குதிரைக்கு வலிமை வந்துவிட்டது. கடிவாளம் இன்னும் தைக்கப்பட்டுக் கொண்டிருக்கிறது. எல்லா இளைஞர்க்கும் உள்ள நிலைமையே இது.

அமெரிக்காவில், பெதஸ்தா என்னும் ஊரில் தேசிய மனநல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளோர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருதுருவ நோயுற்ற சிறுவர் ஏறக்குறைய இருபது பேர். நோயற்றவர் ஏறக்குறைய இருபது பேர். ஒவ்வொருவரையும் காந்தப் படக் கருவியினுள் படுக்க வைத்து, முகங்களின் படங்களைக் காட்டினர். சில முகங்களில் உணர்ச்சி இருந்தது. சிலவற்றில் எந்த உணர்ச்சியும் இல்லை. பின்னர் வினவினர்: 'இம்முகம் உன்மேல் எவ்வளவு பகைமை கொண்டிருக்கிறது? இதைக் கண்டு நீ எவ்வளவு அஞ்சுகிறாய்? இதன் மூக்கு எவ்வளவு அகலம்?'

மூக்கைப் பற்றிய கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மூக்கின் அகலத்தை மதிப்பிட்டபோது இரு சாராரும் வேறுபடவில்லை. கண் பார்வையில் பழுதில்லை என்பது இதனால் விளங்கியது. பகைமையையும் அச்சத்தையும் பற்றிக் கேட்டபோதுதான், உணர்ச்சியே இல்லாத முகத்தில் நோயுற்ற சிறுவர் மிகுந்த பகையைக் கண்டனர், மிகுதியாக அஞ்சினர். அவ்வேளையில் அவர்களுடைய இடப்பக்க அமிக்டலா மற்றவரைவிட மிகுதியாக இயங்கியது. நெற்றிப்புற மூளையின் கீழ்ப்பகுதியும் அவ்வாறே இயங்கியது. அவர்களுடைய கடிவாளம் அறுந்து கிடக்கவில்லை. இழுத்துப் பிடித்தும் குதிரை அடங்கவில்லை என்று கொள்வது பொருந்தும் என எண்ணுகிறேன். ஆகவே, 'உன்னை அடக்கிக் கொள்ளக் கூடாதா?' என்று அவனிடம் கேட்பது, ஓடிக் களைத்தவனை ஏன் ஓடவில்லை என்று கேட்பது போலாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆய்விற்கு வந்தவர் தொகை சிறியது. அவர்களில் பலர் மருந்து உட்கொண்டு வந்தவர்கள். மூளைப் படத்தைக் கண்டு 'இவனுக்கு இந்நோய்' என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது. நோயாளியோடும் அவர் வீட்டாரோடும் நெடுநேரம் பேசியே முடிவு காண வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமற் போனால் என்ன நேரும்? அமெரிக்காவில் 1994–95ஆம் ஆண்டுகளுக்கும் 2002–03ஆம் ஆண்டுகளுக்கும் இடையே, மருத்துவரை நாடிய சிறுவர்க்கு இந்நோயின் பெயரைச் சூட்டுவது ஏறத்தாழ நாற்பது மடங்கு பெருகிற்று. எப்போதும் எரிச்சலோடு இருக்கும் பிள்ளைகள் பலரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டனர். அது வேறொரு நிலை என்று பிரித்து, அதற்குத் தனிப்பெயர் இட்டது 2013இல்தான். இதற்கிடையே தேவையற்ற மருந்தை விழுங்கிய குழந்தைகள் எத்தனை பேரோ!

உண்மையாகவே இந்நோய் உள்ளவர்க்கு மருந்து இன்றியமையாதது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் கைதியாக இருந்தவர். நாடு திரும்பிய பின், மெல்போர்ன் நகரை அடுத்த ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்தார். லித்தியம் என்னும் எளிய உப்பு, மிகையெழுச்சியை அடக்குகிறது என்று 1949இல் வெளியிட்டார். முதலில் குணமடைந்தவர் சில மாதங்களில் மருந்தைக் கைவிட்டார்; நோய் திரும்பிற்று. மீண்டும் மருந்து கொடுத்தபோது அதுவே உடலில் நஞ்சாகி, 1950இல் அவர் இறந்தார். குருதியில் லித்தியத்தின் அளவைச் சோதித்துக் கொண்டே மருந்து கொடுக்கும் முறை பின்னர்தான் வந்தது. இன்றும் பல மருத்துவர் நாடும் மருந்து அது. நலமாயிற்று என்று எண்ணித் தாமாக நிறுத்திவிடுவதே இன்றும் பலரை மீண்டும் படுக்கையில் தள்ளுகிறது.

உறக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்விற்காக நான்கு இரவு கண்விழிப்பது மற்றவர்க்குக் களைப்பைத் தரும். இந்நோய் உடையவர்க்கு ஒரு மிகையெழுச்சியையே கிளப்பிவிடக் கூடும். உங்களுக்கோ உங்கள் தோழர்க்கோ வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுமானால், விடியட்டும் என்று காத்திராமல் பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். நம் நாட்டில் 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணும் இதற்காக இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மருந்தோடு, வீட்டார் அனைவரையும் அமர்த்திப் பேசும் முறையைப் பயிற்றும் ஒரு சிகிச்சையும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மிக்லோவிட்ஸ் அதை வகுத்தவர்களுள் ஒருவர். முகத்தைப் படிப்பதில் தடுமாறுகிறவனுக்கு முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவது போதாது. உள்ளத்தில் இருப்பதை வாயாலும் சொல்ல வேண்டும். மாலையில் களைத்து வீடு திரும்பும் தந்தை, வாயிற்படியிலேயே, 'தம்பி, எனக்குத் தலைவலி. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.