திட்டாத டயட்டீஷியன்

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்கிற ஆபரேஷனைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். பேரியாட்ரிக் சர்ஜரி என்கிறார்கள். பெரிதாகக் கிழிப்பதில்லை. நாலைந்து சிறு துளை போட்டு, சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எவ்வளவு செலவாயிற்று, எத்தனை கிலோ இறங்கியது என்று சொந்தக்காரர்கள் விசாரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் மறுநாள் காலையில் என்ன சாப்பிடுவது, அடுத்த வருஷம் என்ன சாப்பிடுவது, அதை அவருக்கு யார் சொல்லித் தருவது என்று கேட்பவர்கள் குறைவு. அதைச் சொல்லித் தரவேண்டியவர் டயட்டீஷியன். நல்ல டயட்டீஷியன் ஒருவர் கிடைப்பது அந்த ஆபரேஷனில் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊரில் அதிகம் நடப்பவை இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுகிறார்கள். பைபாஸ் என்பது 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த வழி; பிறகு பல மாற்றங்கள் கண்டு இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. இதில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைத்துவிடுகிறார்கள். சாப்பிட்டது சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே கீழே இறங்கிவிடும். இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் பெருமளவு சேருவது அந்த முதல் பகுதியில்தான். பி12 சேருவதற்கோ இரைப்பையில் சுரக்கும் பொருள்கள் வேண்டும். அதனால்தான் எந்த வகை ஆபரேஷன் ஆனாலும் சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்.

என் அண்ணி ஸ்லீவ் செய்துகொண்டவர். ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். க்ளியர் சூப், ஜெல்லி, யோகர்ட், துருவிய சீஸ் என்று வரிசையாகப் போட்டிருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் இதில் ஒன்றுகூட இல்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த டயட்டீஷியன் முதலில் மெஷினில் ஏறச் சொன்னார். எண்ணைப் பார்த்தார். "இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணிட்டு வாயைக் கட்ட முடியலையா?" என்றார். அண்ணி அதற்கடுத்த தேதிக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திட்டு வாங்கியவர் டயட்டீஷியனை மட்டும் விட்டுவிடுவதில்லை. அந்தக் கட்டிடத்துக்கே போகமாட்டார். ரத்தம் கொடுக்கமாட்டார். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கமாட்டார். பி12 குறைந்து கால் மரத்துப்போவதும், இரும்புச்சத்து குறைந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் ஒரே நாளில் தெரிவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் மெதுவாக வரும். எடை கூடியதற்காக வெட்கப்பட்டு ஒளிந்துகொள்பவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். ஆபரேஷனுக்குப் பிறகு எடை அடியில் நிற்பது பொதுவாக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வாக்கில். அதற்குப் பிறகு பலருக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். உடம்பின் இயல்பு அது. அப்போது, "வாங்க, என்ன நடந்ததுன்னு பார்ப்போம்" என்று சொல்கிற ஒருவர் வேண்டும். டயட்டீஷியனின் கனிவை இனிப்பான ஒரு கூடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. நோயாளி திரும்பி வருவதும் வராமல் போவதும் அதைப் பொறுத்திருக்கிறது. சிகிச்சையே அதுதான்.

அண்ணிக்கு இரண்டாவதாக ஒருவர் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்டுல யார் சமைக்கிறாங்க?" அண்ணியின் மாமியார், அதாவது என் அம்மா. "அப்போ அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா போனார். நம் வீடுகளில் சோறு இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. இரண்டு கரண்டி பருப்பும் ஒரு முட்டையும் சாப்பிட்டு எழுந்துவிட்ட மருமகளைப் பார்த்து என் அம்மாவுக்குக் கண் கலங்கும்; இன்னும் ஒரு கைச் சோறு வைப்பார். அது அன்பு. அந்த டயட்டீஷியன் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டு பேசினார். "உங்க மருமகளுக்கு ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் போகணும், அம்மா. அது போகலைன்னா தசை கரையும், முடி கொட்டும். ஒரு இட்லியில ரெண்டு கிராம்தான் இருக்கு. ஒரு முட்டையில ஆறு. நீங்க எதை ஊட்டுவீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையல் மாறியது.

அறுபது கிராம் என்பது இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. சின்ன வயிற்றில் அதை ஏற்றுவது லேசான காரியமில்லை. நூறு மில்லி பாலில் மூன்று கிராம் சொச்சம். ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலில் ஏழெட்டு. நூறு கிராம் பனீரில் பதினெட்டு வாக்கில். மீனும் கோழியும் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு சுலபம். சைவர்களுக்குப் பருப்பு, பயறு, தயிர், பனீர், சோயா என்று ஒவ்வொரு வேளையும் யோசித்துப் போட்டால்தான் கூட்டுத்தொகை வரும். பலருக்குச் சில மாதமாவது புரதப் பவுடர் தேவைப்படும். இந்தக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டுக் கிண்ணத்தின் அளவில் போட்டுக்காட்டுபவர்தான் வேலை தெரிந்தவர். புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், பிறகு காய், சோறு கடைசி. இலையில் நாம் பழகிய வரிசையே தலைகீழாகிறது. அதைப் பழக மாதங்கள் ஆகும் என்று தெரிந்தவர் பொறுமையாக இருப்பார்.

இன்னொன்று. நெஞ்சில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் உணவுகள் உண்டு. கோழித் துண்டு நின்று நின்று போகும். நாலு வாயிலேயே போதும் என்று வயிறு சொல்லிவிடும். கரைத்த ரசம் சாதம், மோர் சாதம், பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் அப்படியில்லை. எவ்வளவு போட்டாலும் இறங்கும். கஷ்டமில்லாமல் இறங்குவதை நோக்கி மனிதர்கள் தெரியாமலே நகர்ந்துவிடுகிறார்கள். எடை திரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். இதைப் புரிந்த டயட்டீஷியன், "உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லமாட்டார். "கோழி அடைக்குதா? குழம்புல நல்லா வேகவெச்சுப் பிச்சுப் போட்டுப் பாருங்க" என்பார்.

கல்யாண வீட்டைப் பற்றியும் அவர் பேசவேண்டும். பைபாஸ் செய்தவர் ஒரு கரண்டி பாயசம் கூடச் சாப்பிட்டால், அரைமணி நேரத்துக்குள் வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரலாம். டம்பிங் என்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் மாரடைப்போ என்று பயந்து குடும்பமே ஓடும். முடி கொட்டுவதும் இப்படித்தான். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பலருக்கும் கொட்டும். சத்து சரியாகப் போனால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். காலையில் ஃபில்டர் காபியோடு இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சின்ன விஷயங்கள்தான். யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சரி, அப்படிப்பட்டவரை எங்கே கண்டுபிடிப்பது? ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதற்கு முன்பே தேடுங்கள். சர்ஜனைப் பார்ப்பதுபோல டயட்டீஷியனையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பேக்கேஜ் தொகையில் டயட்டீஷியன் ஆலோசனை எத்தனை மாதத்துக்கு அடக்கம், அது முடிந்தபின் கட்டணம் எவ்வளவு, சந்தேகம் வந்தால் போனில் பேச முடியுமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

படிப்பையும் கேட்கலாம். ஊட்டச்சத்து ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொள்பவர் எல்லோரும் படித்தவர்கள் அல்லர். உணவியலில் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேறி, ஆர்.டி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்கள் பல தலைமுறையாக இந்தப் படிப்பைத் தந்துவருகின்றன. நம் மண்ணில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த துணைமருத்துவத் தொழிலர் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பட்டம் மட்டும் போதாது. இந்த ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிறவரா என்று கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு அருமையாக உணவு சொல்பவருக்கு ஸ்லீவ் வயிறு புதிதாக இருக்கலாம். சின்ன ஊரில் இருக்கிறீர்கள், பக்கத்தில் யாரும் இல்லை என்றால், வீடியோவில் பேசுபவர் போதும். ரத்தப் பரிசோதனையை உள்ளூரில் எடுத்து அனுப்பிவிடலாம்.

முதல் சந்திப்பிலேயே ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் ரத்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா? நீங்கள் வேலைக்குப் போகும் நேரம், இரவு ஷிப்டா, வீட்டில் நோன்பு விரதம் உண்டா என்று கேட்கிறாரா? நீங்கள் தின்ற முறுக்கைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது? வந்தவுடன் தன்னிடமே பவுடர் டப்பா வாங்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாத்திரை எதற்கு, இயற்கையாகவே சரியாகிவிடும் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் டயட்டீஷியனுக்காகக் காத்திருக்காமல் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி நிற்காமல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையைப் பாதிக்கும். கண் பார்வை இரட்டையாகும், நடை தடுமாறும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். கூட வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி, திட்டுக்குப் பயந்து போகாமல் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டை, எவ்வளவு பழையதானாலும், அதோடு சேருங்கள். மூன்று நாள் சாப்பிட்டதை, முறுக்கு உட்பட, உள்ளபடி ஒரு தாளில் எழுதுங்கள். இவற்றை எடுத்துக்கொண்டு வேறொரு டயட்டீஷியனிடம் போங்கள். எடை எவ்வளவு ஏறியிருந்தாலும் போகலாம், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் போகலாம். அவரும் சரிப்படவில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.