பணி துறந்த பேராசிரியர்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

“கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, மனம் நாடும் மேற்படிப்பிற்கோ சொந்தத் தொழிலுக்கோ போகலாமா?” என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். இஃது எளிய வினா அன்று. நிலமும் வீடும் உள்ள குடும்பத்துப் பிள்ளை வேலையை விட்டால், சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கின்றது. நம் வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தையோ பெற்றோரின் மருந்து, தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு ஆகிய அனைத்தும் எதிர்நோக்கி நிற்கின்றன. ஆகவே வெறும் வீரவுரையால் இதற்கு விடை கூறுதல் தகாது. அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வைக் கொண்டே விடை காண்போம்.

1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்த அண்ணல், பரோடா மன்னர் அளித்த உதவித்தொகை முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்ற அனுமதி மட்டுமே அவர் கையில் இருந்தது. பரோடாவில் பணியேற்றார்; ஆனால் அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கொடுப்பாரில்லை. அது அவர் விட்ட வேலையன்று. சாதி அவரை விரட்டிய வேலை.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியம். அந்நாளில் அது பெருந்தொகை. எனினும் அவர் குடும்பம் பரேல் பகுதியில், தொழிலாளர் வாழும் குடியிருப்பிலேயே சிக்கனமாக வாழ்ந்தது. 1920 மார்ச்சில் அந்த வேலையைத் தாமே துறந்தார். திரும்பி வந்தால் என்ன வேலை என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

இளைஞர்களே, அவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாரல்லர் என்பதை நோக்குங்கள். குறிக்கோள் தெளிவாக இருந்தது. அனுமதியின் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணம் இருந்தது. அது போதாமையால் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் உதவினார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். இலண்டனில் அரைவயிறு உண்டு, நாள் முழுதும் நூலகத்தில் அமர்ந்து கற்றார். 1921-இல் முதுகலைப் பட்டம் பெற்றார், பின்னர் பாரிஸ்டராகவும் ஆனார்.

அவ்வளவிலும் இடர் தீர்ந்ததில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு 1923-இல் தேர்வாளர்கள் பணித்தபோது, அங்கே தங்கப் பணம் இல்லை. பம்பாய்க்குத் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி அப்பட்டத்தைப் பெற்றார். வழக்கறிஞர் தொழிலுக்கான சன்னது பெறவும் நண்பரின் பணமே உதவிற்று.

மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. அவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வீட்டின் வறுமையைத் தாங்கியவர் அன்னை இரமாபாய். கணவரின் கனவிற்குரிய விலையை அவரும் கொடுத்தார். எனவே வேலையை விட எண்ணும் இளைஞன், முதலில் தன் வீட்டாரோடு அமர்ந்து பேசக் கடமைப்பட்டவன். அவர்கள் அறியாமல் அவர்களுடைய சோற்றைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

நம் தமிழகத்திலும் முன்னோடி உண்டு. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1890-இல் சென்னைக்கு வந்து, 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். கணக்கேட்டோடு அவர் வாழ்வு முடிந்திருந்தால், அக்குரல் எழுந்திருக்குமோ?

அண்ணல் அந்தக் கல்லூரி வேலையிலேயே அமைதி கொண்டிருந்தால், ஒரு குடும்பம் வளமாக வாழ்ந்திருக்கும். அவர் அதைத் துறந்தார். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1927-இல் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகும் போராட்டத்தை நடத்தினார்.

ஆதலால் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கனவு காணுங்கள், அதற்கு நாள் குறியுங்கள், ஓராண்டுச் சோற்றுக்கேனும் சேமியுங்கள், அதன்பின் அஞ்சாதீர்கள். சம்பளத்தை விடுக்க இயலாத நிலையில் இருப்போர் நாணவும் வேண்டா. குடும்பத்தைத் தாங்குவதும் தொண்டே.

சங்கத்து உறுப்பினர்களுக்கோ வேறொரு வேண்டுகோள். அண்ணலுக்கு ஒரு நவல் பதேனா வாய்த்தார். நம் பிள்ளைக்கு அத்தகைய நண்பர் யார்? சாய்ந்துகொள்ளச் சுவரில்லாத பிள்ளைக்கு இச்சங்கமே சுவராக வேண்டும். வட்டியில்லாக் கடன் நிதியொன்றை இவ்விழாவின் நினைவாகத் தொடங்குவோமானால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் வீண்போகா.