பழைய காரும் பழுதான பூட்டும்



காரின் எஞ்சின் நின்றால் வண்டி ஓடாது. பிறேக்குப் பிழைத்தால் உயிருக்கு அச்சம். ஆதலால் அவற்றை நாம் உடனே கவனிக்கின்றோம். பின்கதவின் மின்பூட்டு வேலைசெய்யாது போனாலோ, "மற்றப் பக்கத்தால் இறங்குங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்கிற் காலத்தைக் கடத்துகின்றோம். அந்த மற்றப் பக்கம் எது என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும். நம் நாட்டிலே வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. வண்டியை ஓரமாக நிறுத்தும்போது இடக்கதவு நடைபாதையை நோக்கியும் வலக்கதவு நடுவீதியை நோக்கியும் இருக்கும். இடப்புறப் பின்கதவு திறவாத காரிலிருந்து இறங்கும் பிள்ளை, பஸ்களும் லொறிகளும் விரையும் பக்கத்திலே கால் வைக்கின்றது. காலை வேளையிற் பாடசாலை வாயிலில் நிற்கும் எவரும் இக்காட்சியைக் காணலாம். விபத்து நேர்ந்து கார் புரண்டாலோ, தீப்பற்றினாலோ, திறவாத கதவு விளைக்கும் கேடு இன்னும் பெரிது. ஆகவே, இச்சிறு பழுதை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு திருத்துவது என்பன பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

நம் வீதிகளிலே பழைய கார்கள் மிகுதி. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலத்திலே, யப்பானிலிருந்து முன்னரே வந்திருந்த கொறோலாவையும் சனியையும் பேணிக் காப்பதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இருபது ஆண்டு ஓடிய காரிலே எஞ்சின் உறுதியாக இருக்கலாம்; கதவினுள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியும் பிளாஸ்டிக்குத் துண்டும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை.

மின்னாற் கதவைப் பூட்டும் எண்ணம் புதியதன்று. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ்-பூத் காரிலே அது காணப்பட்டது. 1956இல் பாக்காட் நிறுவனம் அதனை மீண்டும் கொணர்ந்தது. அன்று செல்வரின் வண்டிக்கு அணியாக இருந்த ஒன்று, பின்னர் எளியோர் வண்டிக்கும் உரியதாயிற்று.

அதன் அமைப்பு எளியது. கதவின் பின்விளிம்பிலே பூட்டு இருக்கின்றது. அதனோடு ஒட்டினாற்போல ஒரு பிளாஸ்டிக்குப் பெட்டி உண்டு. கராஜுகளிலே இதனை 'லொக் மோட்டர்' என்பர். அப்பெட்டியினுள்ளே கட்டைவிரல் அளவான ஒரு மின்மோட்டரும், சில பற்சில்லுகளும், ஒரு நெம்பும் உள்ளன. பூட்டுமாறு ஆளியை அழுத்தினால், 12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து மின் ஒரு திசையிற் பாய்கின்றது. திறக்குமாறு அழுத்தினால் எதிர்த்திசையிற் பாய்கின்றது. பாய்வதும் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரமே. அதற்குள் மோட்டர் சுழல, பற்சில்லுகள் அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்ட, நெம்பு அசைந்து பூட்டு விழுகின்றது, அல்லது விடுபடுகின்றது.

இனி, கதவு சொற்கேளாதபோது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. அவற்றை வரிசை தவறாமற் கேட்டல் வேண்டும்.

முதற் கேள்வி: எல்லாக் கதவுகளும் செயலற்றனவா, ஒன்று மட்டுமா? எல்லாம் ஒருங்கே நின்றுவிட்டால் நான்கு மோட்டர்களும் ஒரே நாளிற் பழுதாயின என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தாது. முதலில் உருகியைப் பார்க்க வேண்டும். அடுத்துச் சாரதியின் கதவிலுள்ள ஆளியையும் அக்கதவின் கம்பிகளையும் நோக்க வேண்டும். பல யப்பானியக் கார்களிலே சாரதிக் கதவின் பூட்டுப் பெட்டிக்குள்ளேயே மற்றக் கதவுகளுக்குக் கட்டளையிடும் சிறு ஆளி அமைந்திருக்கின்றது. அது தேய்ந்தால், பூட்டிய கதவுகள் தாமாகவே திறப்பதும் திறந்தவை பூட்டுவதுமாகிய விந்தை நிகழும். அப்போது பழுது சாரதிக் கதவில் இருக்க, மற்றக் கதவுகளைக் கழற்றிப் பார்ப்பதாற் பயனில்லை.

இரண்டாவது கேள்வி: கையினால் அசைத்தாற் பூட்டு இலகுவாக அசைகின்றதா? உள்ளே இருக்கும் சிறு பொத்தானை மேலுங் கீழும் நகர்த்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், கிறீஸ் காய்ந்து தூசியோடு கலந்து பசைபோலாகியிருக்கலாம். அல்லது ஒரு தண்டு வளைந்திருக்கலாம். அந்நிலையிலே புதிய மோட்டரைப் பூட்டினும் அதுவும் விரைவில் தளர்ந்துவிடும். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறவாதாயின், கதவின் விளிம்பிலுள்ள பிள்ளைப் பூட்டின் சிறு நெம்பை முதலிற் பாருங்கள். வண்டி கழுவும்போது எவரோ அதனைத் தட்டிவிட்டிருத்தலுங் கூடும்.

மூன்றாவது கேள்வி: ஆளியை அழுத்தும்போது ஒலி கேட்கின்றதா? காதைக் கதவோடு வைத்துக் கேளுங்கள். உறுதியான ஒலி கேட்டும் பூட்டு அசையாதாயின், தண்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக்குக் கவ்வி கழன்றிருக்கும், அல்லது பற்சில்லு உடைந்திருக்கும். மெலிந்த முனகல் கேட்டால் மோட்டர் முதுமையடைந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒலியே இல்லையாயின் நான்காவது கேள்விக்குச் செல்ல வேண்டும்.

அக்கேள்வி இது: கதவுக்குள் மின் வந்து சேர்கின்றதா? வகுப்பிலே ஒரு பிள்ளை விடை சொல்லாதிருந்தால் அவனை மந்தன் என்று முடிவு கட்டுதல் எளிது. ஆயினும், வினா அவன் காதில் விழுந்ததா என்று நல்லாசிரியர் முதலிலே பார்ப்பார். மோட்டரின் திறத்திலும் அவ்வாறே செய்தல் வேண்டும். கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே, பிணைச்சலுக்கு அருகில், இறப்பர் உறையொன்றினூடாகக் கம்பிகள் செல்கின்றன. கதவைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அவை வளைகின்றன. நாளொன்றுக்கு இருபது முறை என்றாலும், இருபது ஆண்டுகளில் அவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முறை வளைந்திருக்கும். செம்பு அங்கே இற்றுப் போதல் வியப்பன்று. மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருப்பதும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் காரிலே இடப்புறப் பின்கதவு இவ்வாறு ஊமையாயிற்று. திருத்துமிடம் ஒன்றிலே முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்று கூறி, ஆசிரியரின் அரைமாதச் சம்பளத்தை விலையாகச் சொன்னார்கள். அவர் வேறொரு மின்வேலைக்காரரிடம் காட்டினார். அவர் இறப்பர் உறையை விலக்கிக் கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தார். ஒன்று கையோடு வந்துவிட்டது. புதிய மெல்லிழைக் கம்பித் துண்டொன்றை இடையிலே சேர்த்து, பற்றாசு வைத்து, வெப்பத்திற் சுருங்கும் குழாயுறையால் மூடினார். இணைப்புகள் வளையும் இடத்தில் வராதவாறு இருபுறமும் தள்ளி வைத்தமை அவரது கைத்திறத்தைக் காட்டியது. கதவு மீண்டும் பேசிற்று.

மின் வந்துசேர்கின்றதா என்பதை உறுதியாக அறிய உட்பலகையைக் கழற்ற வேண்டும். கண்ணாடியை முழுதும் மேலே ஏற்றிவிடுங்கள். மின்கலவடுக்கின் மறைமுனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்திருங்கள். பக்கக் காற்றுப்பை உள்ள கார்களில் இது கட்டாயம். கைப்பிடிக் குழியிலும் கைதாங்கியிலும் சிறு மூடிகளின் கீழே திருகாணிகள் மறைந்திருக்கும். அவற்றை அகற்றியபின், ஓரங்களிலுள்ள கவ்விகளை அகன்ற பிளாஸ்டிக்குத் தகட்டினால் நெம்பினாற் பலகை விடுபடும். அதன் பின்னே ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்குத் தாளைக் கிழியாமல் உரியுங்கள். கண்ணாடி வழியே கதவினுள் இறங்கும் மழைநீரை வண்டிக்குள் வரவிடாமற் காப்பது அதுவே. அதைக் கிழித்தெறிந்தவர்களின் கார்களில் மாரிகாலத்திலே காலடி விரிப்பு நனைந்து நாறும். கதவின் உட்டகடுகள் கத்திபோற் கூரியவை. கையுறை அணிதல் நன்று.

மறைமுனையை மீண்டும் பூட்டிப் பல்மானியையோ, சோதனை மின்குமிழையோ மோட்டருக்கு வரும் இணைப்பியிலே பிடித்துக்கொண்டு, மற்றொருவரை ஆளியை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு கணம் 12 வோல்ற்று அளவிலே மின் தோன்றி மறைந்தாற் கம்பியிலே குற்றமில்லை, மோட்டரிலேதான் குற்றம்.

அம்மோட்டர் ஏன் தளர்கின்றது? உள்ளே சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் தூரிகைகள் தேய்கின்றன. அவை தொட்டுரசும் திசைமாற்றியிலே கரி படிகின்றது. மின் தடைப்பட, வலு குறைகின்றது. இதற்கு எண்ணெய் தெளிப்பது மருந்தாகாது. மெல்லிய எண்ணெய் நல்ல கிறீசையும் கழுவி, தூசியையும் சேர்த்து, சில மாதத்திலே நிலைமையை மோசமாக்கும்.

பூட்டை வெளியே எடுக்கக் கதவின் விளிம்பிலுள்ள மூன்று திருகாணிகளைக் கழற்ற வேண்டும். சரியான முனையுடைய திருப்புளியைக் கொண்டு உறுதியாக அழுத்தித் திருப்புங்கள். தலை தேய்ந்தால் வேலை பன்மடங்காகும். தண்டுகள் எவ்வாறு மாட்டப்பட்டிருந்தன என்பதைக் கைத்தொலைபேசியிலே படம் பிடித்து வைத்தல் நலம். பெட்டி திருகாணியால் மூடப்பட்டிருந்தால் எளிது. ஒட்டி மூடப்பட்டிருந்தால் விளிம்போரமாகக் கவனமாக அறுக்க வேண்டும். பல யப்பானியக் கார்களில் உள்ளிருப்பது 'எப்.சி. 280' என்னும் வகையைச் சேர்ந்த சிறு மோட்டர். அது தனியாகவே கடைகளிற் கிடைக்கின்றது. முழுப் பூட்டின் விலையிலே அது ஒரு சிறு பங்கே. பழைய மோட்டரின் அச்சு நீளத்தையும், அச்சிலிருக்கும் பல்லையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பற்சில்லுகளுக்குப் பிளாஸ்டிக்கைத் தின்னாத கிறீசைச் சிறிதளவு பூசி மூடுங்கள்.

இனிச் சொல்வதை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். திருத்தியபின் கதவை உடனே சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் நாக்கைத் திருப்புளியினால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். அந்நிலையிலே ஆளியால் பத்து முறை பூட்டித் திறந்து, உட்பிடியாலும் வெளிப்பிடியாலும் நாக்கு விடுபடுகின்றதா என்று பாருங்கள். விடுபட்டால் மட்டுமே கதவைச் சாத்தலாம். இச்சோதனையின்றிச் சாத்திய கதவு திறவாது போனால், உட்பலகையைக் கழற்றவும் வழியின்றித் திண்டாட நேரும்.

ஏற்கெனவே பூட்டிய நிலையில் நின்றுவிட்ட கதவுக்கும் ஓர் உபாயம் உண்டு. ஒருவர் திறக்கும் ஆளியைத் திரும்பத் திரும்ப அழுத்த, மற்றவர் அதே கணத்திலே உட்பொத்தானைத் திறக்குந் திசையிற் கையால் இழுக்க வேண்டும். தளர்ந்த மோட்டருக்குக் கையின் வலு துணையாக, பலமுறை கதவு திறந்துவிடும். அதற்கும் இணங்காவிடின் வலிந்து நெம்பாது தக்க தொழிலாளரிடம் ஒப்படைப்பதே அறிவு.

எல்லோரும் தாமே திருகாணியைக் கழற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. அந்நான்கு கேள்விகளையும் கேட்டறிந்தபின் கராஜுக்குச் செல்பவர், எதை மாற்ற வேண்டும் என்பதை ஓரளவு தாமே அறிந்து செல்கின்றார். தேவையற்ற செலவும் தவிர்க்கப்படுகின்றது. அதுவரையிலே, இடக்கதவு திறவாத காரிலே வருவோர் பிள்ளையைத் தனியே வலப்பக்கத்தால் இறங்கவிடாது, தாம் முதலில் இறங்கி வீதியைப் பார்த்துக் கைப்பிடித்து இறக்குவார்களாக. பூட்டைத் திருத்த ஒரு பிற்பகற்பொழுது போதும். அப்பிற்பகலை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதிருப்போமாக.