நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாதவர்

பொறியாளர் தோழர்களே! இளைய நண்பர்களே!

நிர்வாகத்தை எதிர்த்துப் பேசுகிறவனைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். பெரிய ஆளாக ஆசைப்படுகிறான் என்கிறார்கள். ஆமாம், ஆசைப்படுகிறான்! அதில் என்ன குற்றம்?

ஜப்பானில் ஷிகோகு தீவில் அனான் என்றொரு சிறிய நகரம். அங்கே நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் 1979-ல் சேர்ந்தார் ஷூஜி நாகமுரா. அவர் உருவாக்கிக் கொடுத்த சரக்கு சரியாக விற்கவில்லை. பெரிய கம்பெனிகள் அதையேதான் விற்றுக்கொண்டிருந்தன. பழி மட்டும் இவர் தலையில். சிவப்பு, பச்சை எல்.இ.டி. அப்போதே உண்டு, பிரகாசமான நீலம்தான் யாருக்கும் கைகூடவில்லை. அதைச் செய்கிறேன் என்று நேரே நிறுவனர் நொபுவோ ஒகாவாவிடம் போய்ப் பணம் கேட்டார். பெரியவர் கொடுத்தார். அந்த மனிதரை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்.

பிறகு தலைமை மாறியது. நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தது என்கிறார் நாகமுரா. அவர் நிறுத்தவில்லை. காலையில் உலையின் குழாய்களைத் தன் கையாலேயே வளைப்பார், பற்றவைப்பார். மதியம் படிகம் வளர்ப்பார். படிகமாவதற்காகப் பக்கவாட்டில் விட்ட வாயு, சூடான தட்டில் படியாமல் மேலே கிளம்பிப் போனது. மேலிருந்து இன்னொரு வாயுவைப் பாய்ச்சி அதை அமுக்கினார். படிந்தது! 1993-ல் உலகம் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தது. இன்று நம் வீட்டு எல்.இ.டி. விளக்கு வெள்ளையாக எரிவது அந்த நீலத்தால்தான்.

காப்புரிமைக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி எவ்வளவு தெரியுமா? 20,000 யென்! அவர் வழக்குப் போட்டார்.

முதல் போட்டது கம்பெனிதானே, தோற்றிருந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அதையும் எடைபோட்டது. போட்ட பிறகும், லாபத்தில் பாதிப் பங்கு இவருடையது என்றது. அந்தக் கணக்கில் 6,000 கோடி யென்னுக்கு மேல் வந்தது. இவர் கேட்டிருந்தது 2,000 கோடி, அதையே கொடுக்கச் சொல்லி 2004-ல் தீர்ப்பானது. மேல்முறையீட்டில், மறு வருஷமே சுமார் 84 கோடிக்குச் சமரசம். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. 2014-ல் இதே நீல வெளிச்சத்துக்காக அகாசாகி, அமானோ என்ற இரு விஞ்ஞானிகளோடு இவருக்கும் நோபல் பரிசு வந்தது.

இங்கே மேலாளர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன். ஒருவனுடைய ஆராய்ச்சியை நிறுத்துவதற்கு முன் அவனுடைய சோதனை நோட்டைப் படியுங்கள். நிறுத்தினால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கண்டுபிடிப்பில் அவன் பங்கு எவ்வளவு என்பதை, அவன் வேலைக்குச் சேருகிற அன்றே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள்!