இன்னும் முந்நூறு ரூபாய்தானே?
(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய சைக்கிள் வாங்கிய கணக்கை இன்றைக்குச் சொல்வதாகப் போன கூட்டத்தில் கூறியிருந்தோம். "அதில் நஷ்டமாமே, உண்மையா?" என்று மூன்று குழுக்களிலிருந்து கேட்டுவிட்டார்கள். உண்மைதான். எப்படி ஆச்சு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் கணக்காளர்கள் 12 பேர். பஸ் போகாத குக்கிராமங்களுக்கும் நடந்தே போய்க் குழுக்களின் நோட்டை எழுதுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்த பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அது நமக்கெல்லாம் தெரிந்த கதை. நம் பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், சைக்கிள்தான் இல்லை. அந்த நேரத்தில் ஒரு நிறுவனம் பழைய சைக்கிள் 12-ஐ ஒரே லாட்டாக இணையத்தில் ஏலம் விடுவதாக அறிவிப்பு வந்தது. நமக்காகவே விட்ட மாதிரி இருந்தது. அந்த நினைப்பே முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

ஏலத்துக்கு முந்தைய நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டவுனில் சைக்கிள் கடைக்காரர் பழைய சைக்கிளை ஓவராயிலிங் செய்து 2,500 ரூபாய்க்குத் தருகிறார். ஏலத்தில் எடுத்தால் வண்டி வாடகை சைக்கிளுக்கு 200 ஆகும். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, வீல் கோட்டம் எடுக்க 700 ஆகும். 2,500-ல் இந்த 900-ஐக் கழித்தால் 1,600. ஏதாவது கோளாறு இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் 100 குறைத்து, சைக்கிளுக்கு 1,500, ஆக 18,000 ரூபாய் வரைக்கும்தான் கேட்பது என்று முடிவு செய்தோம். கணக்கு சரியான கணக்கு. ஆனால் அதைத் தீர்மான நோட்டில் எழுதவில்லை. வாயால் பேசிக்கொண்டதோடு சரி.

மறுநாள் காலை 11 மணிக்கு ஏலம், 12 மணிக்கு முடிவு. ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்தோம். முன்வைப்புத் தொகை 2,000 கட்டியிருந்தோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய் ஏற்றிக் கேட்கலாம். கேட்பவர் பெயர் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது 18,000 என்று எங்கள் பேரில் நின்றது. நாங்களும் கைதட்டிவிட்டோம். அப்போது நாலாம் நம்பர்காரர் 18,300 என்று போட்டார்.

அங்கேயே எழுந்து டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். "முந்நூறு ரூபாய்தானே, பிரிச்சுப் பார்த்தா சைக்கிளுக்கு இருபத்தஞ்சுதான்" என்று ஒரு குரல். யார் குரல் என்று கேட்காதீர்கள், ஐந்து பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் மறுபடி ஐந்து நிமிடம் நீளும் என்று விதி. அவர் போட, நாங்கள் போட, அவர் போட, நாங்கள் போட என்று ஒன்றே கால் மணி தாண்டியும் இழுத்தது. நாங்கள் மட்டும் பதினொரு தடவை ஏற்றியிருக்கிறோம். "விடக்கூடாதுக்கா, நம்மளைத் தோக்கடிக்கப் பார்க்கிறான்" என்று பேச்சு. அவர் ஆணா பெண்ணா என்றே தெரியாது! அவரும் ஒரு குழுவாக இருந்திருக்கலாம். "டெபாசிட் கட்டியாச்சே" என்றும் ஒருவர் சொன்னார். ஏலம் நமக்கு விழாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

24,600-க்கு எங்களுக்கே விழுந்தது. சாக்லேட் கூட வாங்கிக் கொடுத்தோம்.

வரி உட்பட 24,600. வண்டி வாடகை 2,400. ரிப்பேர் 8,400. மொத்தம் 35,400. சைக்கிளுக்கு 2,950. கடையிலேயே வாங்கியிருந்தால் 2,500. ஆக 5,400 ரூபாய் கூடுதல். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் ஓர் உறுப்பினர் நாலரை வருஷம் கட்டினால்தான் இந்தப் பணம் சேரும். கணக்கைக் காட்டியபோது மூத்த பிரதிநிதி ஒருவர், "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

படிப்பால் இது நிற்காது என்று பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது. 1971-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூன்று பேர் இதையே எழுதியிருக்கிறார்கள். கடலுக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று ஒவ்வொரு கம்பெனியும் மதிப்புப் போட்டு ஏலம் கேட்கும். அதில் யார் மற்றவர்களைவிட அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டார்களோ, பெரும்பாலும் அவர்களுக்குத்தான் ஏலம் விழும். அதனால் ஜெயித்த கம்பெனிக்கே நஷ்டம். எங்கள் தப்பு கணக்கில் இல்லை, கணக்கை மறந்ததில் இருந்தது. ஆனால் இரண்டிலும் ஏலம் எடுத்தவரே பணத்தை இழக்கிறார்.

நமக்கு ஏலச்சீட்டு புதிதல்ல. மகளுக்கு நாளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்ற அவசரத்தில் 50,000 ரூபாய்ச் சீட்டை 15,000 தள்ளி எடுத்து, 35,000-த்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அங்கே அவசரம் தள்ள வைத்தது, இங்கே ரோஷம் ஏற்ற வைத்தது. கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்களே, அது வேறு. அது காணிக்கை, அதை யாரும் விலையாகப் பார்ப்பதில்லை.

இணைய ஏலத்தில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய இபே ஏலத்தில் முடியும் நேரம் மாறாது. நம்முடைய அதிகபட்ச விலை 1,500 என்று ஒரே தடவை போட்டுவிட்டால், மெஷினே நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். அடுத்தவருடைய அதிகபட்சம் 1,200 என்றால் அதற்குச் சற்று மேலே நமக்கு விழும், 1,500 கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நிறைய பேர் கடைசி விநாடி வரை காத்திருந்து கேட்கிறார்கள். ஆல்வின் ராத், ஆக்ஸெல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். முன்கூட்டியே கேட்டால் எதிராளி சூடாகி ஏற்றிவிடுவார், அதனால் கடைசியில் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றார்கள். அப்போது அமேசான் நடத்திவந்த ஏலத்தில் கடைசி நேரத்தில் கேட்டால் நேரம் நீளும். அங்கே இந்தப் பழக்கம் குறைவாக இருந்தது. எங்களுடையதும் நீளும் வகைதான். அதில் தந்திரத்தால் பெரிய பிரயோசனம் இல்லை, நிறுத்தத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, பொருளை நேரில் பார்க்காமல் கேட்கவே கேட்காதீர்கள். ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி" என்று போட்டிருப்பார்கள். எடுத்த பிறகு செயின் அறுந்திருக்கிறது என்று சண்டை போட முடியாது. பிரேம் ஜாயின்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள். பிரேம் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், தொடவே வேண்டாம். எங்கள் 12-ல் ஒன்றில் வெடிப்பு இருந்தது, வெல்டிங் வைத்தோம். போனில் படம் காட்டி "அட்வான்ஸ் அனுப்புங்க", "பணம் வர இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பணம் வாங்க யாரும் ரகசிய நம்பர் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது ஊக்குநர்களுக்காக இன்னும் எட்டு சைக்கிள் வேண்டும். அடுத்த மாதம் வேறொரு இடத்தில் ஏலம் வருகிறது. கலந்துகொள்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரி என்றால் மூன்று பேர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து வரட்டும். அதிகபட்சத் தொகையை இங்கேயே முடிவு செய்து, தீர்மான நோட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஏலத்தன்று அந்த நோட்டு பொருளாளர் அக்கா கையில் இருக்கும். கம்ப்யூட்டரை அவர் தொட மாட்டார், தொகை வந்ததும் "போதும்" என்பார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கேட்டவர் தன் கைப்பணத்தைக் கட்ட வேண்டும், எங்களையும் சேர்த்துத்தான்.

சைக்கிள் 12-ம் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு எல்லோரும் போய்ப் பாருங்கள், வெல்டிங் வைத்தது எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு உள்ளே வந்து தொகையைப் பேசுவோம்.